வைஃபை வேண்டாம், ஆப் வேண்டாம், 8கே வேண்டாம்: எளிமையான 5.1 ரிசீவர் எது வாங்கலாம்?

திருநகர்வாசி

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்கு ஒரு ஏ.வி. ரிசீவர் (டிவி சத்தத்தைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) வாங்க வேண்டும். பழையது போன ஐப்பசியில், இடி விழுந்த ஒரு ராத்திரியில் போய்விட்டது. பவர் வருகிறது, ஆனால் எச்.டி.எம்.ஐ. போர்டு செத்துவிட்டது. பார்ட்ஸ் கிடைக்காது என்று சர்வீஸில் கைவிரித்துவிட்டார்கள். ஸ்பீக்கர்கள் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. முன்னால் இரண்டு புக்ஷெல்ஃப், ஒரு சென்டர், பின்னால் இரண்டு, ஒரு பத்து இன்ச் சப்வூஃபர் (பேஸ் சத்தத்துக்கான பெட்டி). 5.1 என்பது இந்த ஐந்தும் ஒன்றும்தான். எல்லாம் 8 ஓம். ஹால் 16க்கு 12 அடி.

டிவி 55 இன்ச், 4கே. அதில் செட்டாப் பாக்ஸ், ஃபயர் ஸ்டிக், எப்போதாவது ப்ளூ-ரே பிளேயர், தம்பி வந்தால் பென் டிரைவ். அவ்வளவுதான் எங்கள் வீட்டு உபயோகம்.

போன கடையில் எல்லாம் 7.2 அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் டால்பி முறை) ரிசீவரைத்தான் எடுத்து வைக்கிறார்கள். வைஃபை, ஆப், மல்டி ரூம், 8கே, குரல் கட்டளை. அப்பாவுக்கு வயது 74. அவருக்கு டிவியைப் போட்டால் சத்தம் வர வேண்டும், கூட்டினால் கூட வேண்டும். ரிசீவருக்கு மட்டும் 35,000 வரை செலவு செய்யலாம். இந்தக் காலத்தில் தேவையில்லாத வசதி இல்லாத ரிசீவர் என்று ஒன்று இருக்கிறதா?

சேலம்_ஒலிக்காரர்

இருக்கு சார். ஆனா மாடல் பேர் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்கணும். படம் ரிசீவர் வழியா டிவிக்குப் போகணுமா, இல்ல டிவியிலேர்ந்து சத்தம் மட்டும் ரிசீவருக்கு வந்தாப் போதுமா? இதுக்குப் பதில் முடிவாயிட்டா, அட்டைப்பெட்டி மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல பாதி உங்களுக்குச் சம்பந்தமில்லாமப் போயிடும்.

ரெண்டாவது வழிதான் ஏ.ஆர்.சி. 2009ல எச்.டி.எம்.ஐ. 1.4 வந்தப்போ கூடவே வந்தது. செட்டாப் பாக்ஸ், ஸ்டிக் எல்லாம் டிவியிலேயே சொருகியிருக்கும். டிவியில ஏ.ஆர்.சி.ன்னு எழுதியிருக்கிற போர்ட்டுலேர்ந்து ரிசீவரோட எச்.டி.எம்.ஐ. அவுட்டுக்கு ஒரே ஒரு கேபிள். அவுட்டுக்குத்தான், இன்னுக்கு இல்ல. நான் சர்வீஸுக்குப் போற வீடுகள்ல அடிக்கடி பார்க்கிறது இதைத்தான். இன்ல சொருகிட்டு சத்தம் வரலைன்னு கூப்பிடுவாங்க.

இப்படிப் போட்டா படம் ரிசீவருக்குள்ள நுழையவே நுழையாது. அப்ப 8கே எதுக்கு, நொடிக்கு 120 ஃபிரேம் ஓடற 4கே 120 எதுக்கு, டால்பி விஷன் எதுக்கு? அதெல்லாம் டிவியோட வேலை. ரிசீவர் செய்ய வேண்டியது டால்பி டிஜிட்டல்ங்கிற 5.1 சத்தத்தைப் பிரிச்சு அஞ்சு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் அனுப்புறது மட்டும்தான்.

சி.இ.சி.யை ஆன் பண்ணிட்டா டிவி ரிமோட்லயே ரிசீவர் வால்யூம் கூடும், குறையும், டிவியோட சேர்ந்து ஆன் ஆகும். சாம்சங்ல எனிநெட் பிளஸ்னு இருக்கும், எல்.ஜி.யில சிம்ப்லிங்க், சோனியில பிராவியா சிங்க். பேர்தான் வேற. உங்க அப்பா ரிசீவர் ரிமோட்டைத் தொடவே வேண்டாம்.

மாடல் சொல்லணும்னா மூணு. யமஹா ஆர்.எக்ஸ்-வி385, சோனி எஸ்.டி.ஆர்-டி.எச்590, டெனான் ஏ.வி.ஆர்-எக்ஸ்580பி.டி. மூணுலயும் ப்ளூடூத் உண்டு, வைஃபை கிடையாது, அட்மாஸ் கிடையாது. யமஹாவும் சோனியும் 2018 மாடல், அதனால கடைக்குக் கடை ஸ்டாக் மாறும். போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க.

கொங்கு_சினிமா

சேலத்து அண்ணன் சொல்வதில் கேபிள் விஷயம் சரி. ஆனால் 2018 மாடலை இப்போது வாங்கச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. ரிசீவர் பத்து வருஷம் ஓடும் பொருள். இன்றைக்கு ஓ.டி.டி.யில் வரும் புதுப் படங்களில் பல அட்மாஸில் வருகின்றன. அந்த அட்மாஸ் டால்பி டிஜிட்டல் பிளஸ் உறைக்குள் வருவதால் சாதாரண ஏ.ஆர்.சி. வழியாகவே போகும், அதன் அடுத்த தலைமுறையான இ.ஏ.ஆர்.சி. கூட வேண்டியதில்லை. கொஞ்சம் சேர்த்துப் போட்டால் 7 சேனல் ரிசீவர் வரும், பிறகு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் சேர்த்து 5.1.2 ஆக்கிக்கொள்ளலாம். மழைக் காட்சியில் தலைக்கு மேல் மழை பெய்வதைக் கேட்ட பிறகு யாரும் 5.1க்குத் திரும்ப மாட்டார்கள். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

சேலம்_ஒலிக்காரர்

தம்பி, அட்மாஸ் நல்லா இல்லைன்னு நான் சொல்லவே மாட்டேன். தனி ரூம் கட்டி, சீலிங்ல ஸ்பீக்கர் இறக்குறவங்களுக்கு நானே போட்டுக் கொடுத்திருக்கேன். ஆனா இவர் ஹாலை யோசிங்க. கான்க்ரீட் தளம், ஃபால்ஸ் சீலிங் இருக்கிற மாதிரி தெரியல. நடுவுல ஃபேன். மேல ஸ்பீக்கர் போடணும்னா தளத்துல டிரில் போட்டு ஒயர் ஓட்டணும். இல்லைன்னா கூரையில பட்டுத் திரும்புற அப்-ஃபயரிங் ஸ்பீக்கர். அது சரியா கேட்க ஒரே இடத்துல அசையாம உட்காரணும். அவங்க அம்மா சமையல்கட்டுக்கும் ஹாலுக்கும் நடந்துக்கிட்டே பார்க்கிறவங்களா இருப்பாங்க.

இன்னொண்ணு, அட்மாஸ் ட்ராக்கை 5.1 ரிசீவர்ல போட்டா சத்தம் எதுவும் காணாமப் போயிடாது. அதே ட்ராக் சாதாரண 5.1ஆ பிரிஞ்சு வரும். மழை அப்பவும் பெய்யும், தலைக்கு மேல இல்லாம சுத்தி பெய்யும்.

புதுசுன்னா பத்து வருஷம் தாங்கும்ங்கிற கணக்கும் எப்பவும் சரி வராது. 2020ல முதல் 8கே ரிசீவர்கள் வந்தப்போ, டெனான், மராண்ட்ஸ், யமஹா மூணுலயும் ஒரே எச்.டி.எம்.ஐ. சிப் கோளாறு. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்லேர்ந்து 4கே 120 கொடுத்தா திரை கறுப்பாயிடும். அப்புறம் ஒரு பக்கம் அடாப்டர் கொடுத்தாங்க, இன்னொரு பக்கம் போர்டு மாத்திக் கொடுத்தாங்க. கேம் ஆடாத வீட்டுக்கு இந்தத் தொல்லை எதுக்கு?

மாடிவீட்டுக்காரி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் எல்லாரும் மழைச் சத்தத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், 74 வயதுக்காரருக்கு முதலில் வேண்டியது வசனம் புரிவது. எங்கள் மாமனாருக்கு 78. சண்டைக் காட்சியில் "சத்தத்தைக் குறை" என்பார், அடுத்த நிமிடம் "என்ன பேசுறாங்க?" என்பார். ரிமோட் கையை விட்டு இறங்காது.

இரண்டு விஷயம் இதைத் தீர்த்தது. ஒன்று, சென்டர் ஸ்பீக்கரின் அளவை மட்டும் மூன்று டெசிபல் ஏற்றியது. 5.1ல் வசனம் பெரும்பாலும் சென்டரில்தான் வருகிறது, அதனால் இசையும் வெடியும் ஏறாமல் பேச்சு மட்டும் முன்னால் வந்தது. இரண்டு, டி.ஆர்.சி. அல்லது நைட் மோட் என்று ஒன்று இருக்கும். பெரிய சத்தத்தைத் தாழ்த்தி, சின்ன சத்தத்தை உயர்த்தும். அதை நிரந்தரமாகப் போட்டுவிட்டோம். ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள், வயதானவர்களுக்கு அதுதான் பெரிய உபகாரம்.

திருநகர்வாசி, கடையில் டெமோ கேட்கும்போது கார் சேஸிங் போடச் சொல்லாதீர்கள். செய்தி வாசிப்பதைப் போடச் சொல்லுங்கள். இந்த இரண்டு செட்டிங்கும் எத்தனை மெனுவுக்கு உள்ளே ஒளிந்திருக்கின்றன என்று ரிமோட்டை வாங்கிப் பாருங்கள். என் கணக்கில் எளிமை என்பது அதுதான், வசதி குறைவாக இருப்பது மட்டும் இல்லை.

திருநகர்வாசி

சகோதரிக்கு மிக்க நன்றி, எங்கள் வீட்டை நேரில் பார்த்ததுபோல் எழுதியிருக்கிறீர்கள். சேலத்து அண்ணா சொன்னபடி ஏ.ஆர்.சி. வழி என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா பொங்கலுக்கு வருகிறாள். அங்கே ரிசீவர் விலை குறைவு, எடுத்து வரட்டுமா என்கிறாள். அப்புறம், ஒரு கடையில் 1000 வாட்ஸ் ஹோம் தியேட்டர் என்று பெட்டியோடு ஒன்று காட்டினார்கள். நீங்கள் சொல்லும் யமஹாவில் 70 வாட்ஸ் என்றுதான் போட்டிருக்கிறது. ஹாலுக்குப் போதுமா?

டொராண்டோ_தமிழன்

அக்காவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இங்கே விற்பவை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தவை. பெரும்பாலானவற்றில் பின்னால் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் கிடையாது. நம் ஊர் 230ல் நேராகச் சொருகினால் அந்த நொடியே போய்விடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம்தான், ஆனால் அதுவும் ஒரு கனமான பெட்டி, அதன் சுவிட்ச் ஒன்று, அது சூடாவது ஒன்று. வயதானவர்கள் வீட்டில் யாராவது ஒருநாள் பிளக்கை மாற்றிச் சொருகாமல் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. வாரண்டியும் இந்தியாவில் செல்லாது. ரிசீவரின் எடையைப் பார்த்தால் விமானத்தில் ஒரு சூட்கேஸுக்குக் கொடுக்கும் அனுமதியில் நல்ல பங்கை அதுவே தின்றுவிடும். அக்கா வரும்போது ஸ்பீக்கர் ஒயர் முனையில் போடும் பனானா பிளக் வேண்டுமானால் கொண்டு வரட்டும்.

நெல்லை_சர்க்யூட்

வாட்ஸ் பத்தி நான் சொல்றேன், ஏன்னா இந்த எண்ணை வச்சு நம்ம ஜனங்களை ஏமாத்துறது மாதிரி வேற எதுலயும் ஏமாத்துறதில்லை.

யமஹா 70 வாட்ஸ்னு போடறது 8 ஓம்ல, 20 ஹெர்ட்ஸ்லேர்ந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், ரெண்டு சேனல் ஓடும்போது, சிதைவு 0.09 சதவீதத்துக்குள்ள அளந்தது. நேர்மையான அளவு. அதே பெட்டியை 6 ஓம்ல, ஒரே சேனல்ல, 1 கிலோஹெர்ட்ஸ் மட்டும் கொடுத்து, 10 சதவீதம் சிதைவு வரைக்கும் விட்டு அளந்தா எண் எங்கேயோ போயிடும். 1000 வாட்ஸ் பெட்டிங்கெல்லாம் இப்படி அளந்ததை ஆறு சேனலுக்கும் கூட்டிப் போட்டது. வாங்கும்போது எத்தனை ஓம், எத்தனை சேனல், எவ்வளவு சிதைவுன்னு மூணையும் பாருங்க. மூணும் போடலைன்னா அந்த எண்ணை மதிக்காதீங்க.

ஹாலுக்குப் போதுமாங்கிறதுக்கு ஒரு கணக்கு. புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் சாதாரணமா 87 டெசிபல் சென்சிட்டிவிட்டி இருக்கும். அதாவது 1 வாட் கொடுத்தா 1 மீட்டர்ல 87. நீங்க உட்கார்ற 3 மீட்டர்ல கிட்டத்தட்ட 80ன்னு வச்சுக்கோங்க. பவரை ரெண்டு மடங்காக்கினா 3 டெசிபல்தான் ஏறும். அப்படிப் பார்த்தா 95 டெசிபல் உச்சத்துக்கு 32 வாட்ஸ் போதும். வீட்டுல வசனம் கேட்கிறது 65, 70 டெசிபல்ல. அதுக்கு ஒரு வாட்டே அதிகம். அதோட பேஸ் எல்லாம் சப்வூஃபர் ஆம்ப் பார்த்துக்கும். 70 தாராளம். 70க்குப் பதில் 100 வாங்கினா ஒன்றரை டெசிபல் வித்தியாசம், காதுல உறைக்காது.

இப்ப என் பங்குக்கு ஒரு யோசனை. கம்பெனி ரிசீவரே எதுக்கு? நம்ம ஊர்ல அசெம்பிள் 5.1 ஆம்ப் செய்யற நல்ல கைங்க நிறைய இருக்காங்க. நல்ல டிரான்ஸ்ஃபார்மர், தனித்தனி சேனல் போர்டு, ஏ.ஆர்.சி.யும் ஆப்டிக்கலும் உள்ள டிகோடர் போர்டு. முன்னால வால்யூம், பேஸ், ட்ரெபிள், சென்டர், சரவுண்டுன்னு ஆளுக்கொரு குமிழ். அப்பாவுக்கு வசனம் கேட்கலையா, சென்டர் குமிழைத் திருப்பினாப் போச்சு. மெனு கிடையாது. பத்து வருஷம் கழிச்சு ஐ.சி. போனாலும் சென்னை ரிச்சி தெருவுல வாங்கி அரை நாள்ல மாத்திடலாம். போர்டு போனா மொத்தப் பெட்டியும் குப்பைங்கிற நிலைமை இதுல இல்ல.

சேலம்_ஒலிக்காரர்

நெல்லை அண்ணாச்சி சொல்றது நியாயம். ரிப்பேர் விஷயத்துல அசெம்பிளை எதுவும் அடிச்சிக்க முடியாது. செஞ்சவரு பக்கத்துத் தெருவுல இருந்தா நானே அதைத்தான் வாங்கச் சொல்லுவேன்.

ஆனா ஒரு குறை. மைக் வச்சு அளந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தூரமும் அளவும் தானாப் போடற வசதி அதுல வராது. தேவையில்லாத வசதி பட்டியல்ல நான் சேர்க்காத ஒரே ஆட்டோ வசதி அதுதான். யமஹாவுல வைபாவ்னு பேர். மைக்கை அப்பா தலை இருக்கிற உயரத்துல வச்சு, ஃபேனை நிறுத்திட்டு, ஜன்னலைச் சாத்திட்டு ஒரு தடவை ஓட விட்டாப் போதும். சப்வூஃபர் தூரம் மட்டும் டேப்ல அளந்ததைவிட அதிகமாக் காட்டும். அது சப்வூஃபருக்கு உள்ள ஏற்படற தாமதத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுது, அதை மாத்தாதீங்க. ஸ்பீக்கர் எல்லாத்தையும் ஸ்மால்னு வச்சு கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ், அதுக்குக் கீழ இருக்கிற பேஸ் சப்வூஃபருக்குப் போயிடும்.

பழையன_போற்றுவோம்

யாரும் சொல்லாத வழி ஒன்று: பழைய ரிசீவர். 2010க்குப் பிறகு வந்த, ஏ.ஆர்.சி. உள்ள நல்ல நடுத்தர ரிசீவர்கள் இப்போது அடிமாட்டு விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் 4கே போகாது, எச்.டி.சி.பி. 2.2 (4கே படத்துக்கான காப்புப் பூட்டு) இருக்காது என்றுதான் விற்கிறார்கள். படமே ரிசீவருக்குள் போகாத உங்கள் அமைப்பில் அந்தக் குறை குறையே இல்லை. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இன்றைய ஆரம்ப விலை மாடல்களைவிடப் பெரியதாக இருக்கும். வாங்கும் முன் எல்லாச் சேனலும் ஓடுகிறதா, வால்யூம் திருப்பும்போது கரகரப்பு இருக்கிறதா, ஏ.ஆர்.சி. ஒரு மணி நேரம் விடாமல் நிற்கிறதா என்று உங்கள் டிவியிலேயே வைத்துப் பாருங்கள். முக்கியமாக டால்பி டிஜிட்டல் பிளஸ் எடுக்கிறதா என்று பாருங்கள். எடுக்காவிட்டால் டிவியில் டால்பி டிஜிட்டல் என்று மாற்ற இடம் இருக்க வேண்டும்.

மாடிவீட்டுக்காரி

ஐயா, எனக்கு இதில் உடன்பாடில்லை. மகன் பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கிறார், மதுரையில் இருப்பது இரண்டு வயதானவர்கள். ஒருநாள் சத்தம் நின்றால் வாரண்டி உள்ள பெட்டியாக இருந்தால் ஒரு போன் போட்டால் போதும். நாமே கூட இருந்து பார்த்துக்கொள்ளும் வீட்டுக்குப் பழையது சரி.

திருநகர்வாசி

எல்லாருக்கும் நன்றி. நேற்று கடைக்குப் போய் யமஹா ஆர்.எக்ஸ்-வி385 வாங்கிவிட்டேன். பட்ஜெட்டுக்குள் வந்தது, பின்னால் 230 வோல்ட் என்று இருக்கிறது, பில்லில் இந்திய வாரண்டி. செய்தி போட்டுக் கேட்டேன், சகோதரி சொன்னபடி.

பழைய ஸ்பீக்கரையே மாட்டியாகிவிட்டது. ஏ.ஆர்.சி. வேலை செய்கிறது, டிவி ரிமோட்டில் வால்யூம் கூடுகிறது. ஆனால் இரண்டு தொல்லை. ஃபயர் ஸ்டிக்கில் படம் போட்டால் பின் ஸ்பீக்கரில் ஒன்றுமே இல்லை. பென் டிரைவில் தம்பி வைத்திருக்கும் சில படங்களுக்குச் சத்தமே வரவில்லை.

நெல்லை_சர்க்யூட்

முதலாவது: டிவி ஆடியோ செட்டிங்ல டிஜிட்டல் அவுட் பி.சி.எம்.னு இருக்கும். ஏ.ஆர்.சி.யில பி.சி.எம்.னா ரெண்டு சேனல்தான் வரும். அதை ஆட்டோ இல்ல பாஸ்-த்ரூன்னு மாத்துங்க. அப்பவும் வரலைன்னா சில டிவி தன்னோட எச்.டி.எம்.ஐ. போர்ட்டுல வர்ற 5.1ஐ ஸ்டீரியோவாக்கித்தான் வெளியே விடும். அப்ப ஸ்டிக்கைக் கழட்டி ரிசீவர்லயே சொருகிடுங்க. அதுல நாலு எச்.டி.எம்.ஐ. இன் இருக்கு, 4கேயும் போகும். ப்ளூ-ரேயை எப்படியும் அங்கதான் சொருகணும்.

ரெண்டாவது: அந்தப் படங்கள்ல ஆடியோ, டால்பி மாதிரியே இன்னொரு முறையான டி.டி.எஸ்.ஆ இருக்கும். சாம்சங் 2018லேர்ந்து டிவியில டி.டி.எஸ்.ஐ எடுத்துட்டாங்க. எல்.ஜி. 2020ல எடுத்துட்டு 2023ல சில மாடல்ல திரும்பக் கொடுத்தாங்க. டிவி படிக்கலைன்னா ரிசீவருக்கு எதுவும் வந்து சேராது. பென் டிரைவை ப்ளூ-ரே பிளேயர்ல சொருகிப் பாருங்க, பிளேயர் அந்த ஃபைலைப் படிச்சா ரிசீவர் டி.டி.எஸ்.ஐத் தானே பிரிச்சுக்கும்.

சேலம்_ஒலிக்காரர்

வாழ்த்துகள் சார். செட்டாப் பாக்ஸ்ல பெரும்பாலான சேனல் ஸ்டீரியோதான் வரும். அதுக்கு ஸ்ட்ரெய்ட்ல (வர்றதை அப்படியே விடற மோட்) விடாம, ப்ரோலாஜிக் மாதிரி பேச்சை சென்டருக்குக் கொண்டு வர்ற மோடைப் போட்டு வையுங்க. ஹால், ஸ்டேடியம் மாதிரி எதிரொலி மோட் எதையும் தொட வேண்டாம்.

வைக்கிற இடம் முக்கியம். கண்ணாடிக் கதவு போட்ட ஷெல்ஃபுக்குள்ள வைக்காதீங்க, மேல அரை அடி காலியா இருக்கட்டும். தூசி படுதேன்னு அம்மா எம்ப்ராய்டரி துணி போடுவாங்க, வேண்டாம்னு இப்பவே சொல்லிடுங்க. காற்று ஓட்டை வழியா பல்லி இறங்கி போர்டுல ஷார்ட் ஆகிறது நம்ம ஊர்ல சகஜம். பெட்டியை ஒட்டி அடைக்காம, ஷெல்ஃபோட பின்பக்கத்துல கொசுவலை அடிச்சிடுங்க. கரண்ட் நேரடி லைன்ல எடுங்க. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல மாட்டினா டிரான்ஸ்ஃபார்மர் உறுமும்.

இடி மின்னல் நேரத்துல ஸ்விட்சை அணைச்சா மட்டும் போதாது. போர்டு போறது பல நேரம் கரண்ட் வழியா இல்ல, மொட்டை மாடி டிஷ் கேபிள் வழியா செட்டாப் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. வழியா டிவிக்கும் ரிசீவருக்கும் தாவுறதுனாலதான். ரிசீவர் பிளக்கோட சேர்த்து செட்டாப் பாக்ஸுக்குப் பின்னால இருக்கிற டிஷ் கேபிளையும் கழட்டச் சொல்லிக் கொடுங்க.

திருநகர்வாசி

பாஸ்-த்ரூ மாற்றியதும் பின் ஸ்பீக்கர் உயிர் பெற்றுவிட்டது. சென்டரை மூன்று டெசிபல் ஏற்றிவிட்டேன். கடைசியாக ஒன்று: பேரன்கள் வந்தால் வால்யூமை முழுதாக ஏற்றிவிடுவார்கள். பூட்டு போட வழி உண்டா?

சேலம்_ஒலிக்காரர்

உண்டு. செட்டப் மெனுவுல மேக்ஸ் வால்யூம்னு இருக்கும், மைனஸ் 15ல வச்சுடுங்க, அதுக்கு மேல எந்த ரிமோட்லயும் ஏறாது. பக்கத்துலயே இனிஷியல் வால்யூம்னு ஒண்ணு, அதை மைனஸ் 35 பக்கம் வச்சா ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கும். எண் உங்க ஸ்பீக்கரைப் பொறுத்து மாறும், அப்பாவை உட்கார வச்சுக் கேட்டு முடிவு பண்ணுங்க. முடிஞ்சதும் ரிசீவர் ரிமோட்டோட பேட்டரியைக் கழட்டி, ரிமோட்டோட ஒரே கவர்ல போட்டு பீரோவுல வச்சுடலாம்.